பைனா, ஃபிர்ரா, வெட்டிவேரா: வடகாட்டு வாசத்தில் ஆண்களுக்கு ஒரு சென்ட் செய்ய எதை எடுப்பது?

பின்லாந்து, ஸ்வீடன், சைபீரியா, கனடா என்று பூமியின் வட தலையைச் சுற்றி நிற்கும் ஊசியிலைக் காட்டின் வாசத்தைப் பிடிக்க நினைப்பவர் முதலில் வாங்குவது பைன் எண்ணெய். முதலில் கேட்பதும் ஒரே வார்த்தைதான்: "வீடு துடைச்ச மாதிரி இருக்கு."

முகர்ந்து பார்த்தவர் மேல் குறை இல்லை. வெள்ளைப் பினாயிலில் பைன் எண்ணெய் சேர்கிறது. தரை துடைக்கும் திரவங்களிலும் மலிவான சோப்புகளிலும் ஐசோபோர்னைல் அசிடேட் என்ற செயற்கைப் பொருள் ஊசியிலை வாசத்துக்காகவே சேர்கிறது. பைன் மரத்தைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே நம் மூக்கு பினாயிலைப் பழகிவிடுகிறது. ஆகவே நமக்காகச் செய்யும் காட்டு வாசத்தில் தாண்ட வேண்டிய முதல் வேலி இது. இரண்டாவது வேலியை யாரும் முதல் நாளில் கவனிப்பதில்லை: அடித்த அரைமணி நேரம் காடாக இருப்பது, இரண்டாவது மணியில் வெறும் பென்சில் சீவலாகவோ சாதாரண "ஆண்கள் சென்ட்" ஆகவோ கரைந்துபோவது.

முதுகெலும்பாக எந்தப் பொருளை வைப்பது என்பதை முடிவு செய்யும்போது, நான்காவது மணி நேரத்தில் தோலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூடியைத் திறந்து முகர்ந்து வாங்கினால் பைன்தான் எப்போதும் ஜெயிக்கும். தோலில் சீக்கிரம் தோற்பதும் அதுதான்.

நான்கு வழிகள் இருக்கின்றன.

ஸ்காட்ஸ் பைன்

பைனஸ் சில்வெஸ்ட்ரிஸ். ஸ்காட்லாந்திலிருந்து கிழக்கு சைபீரியா வரை பரந்து நிற்கும் மரம். இதன் ஊசியிலை எண்ணெயில் பெரும்பங்கு ஆல்ஃபா பைனீன். கூடவே பீட்டா பைனீன், டெல்டா-3-கேரீன், லிமொனீன். எல்லாமே லேசான டெர்பீன்கள், எடை குறைந்தவை, சட்டென்று பறப்பவை. காகிதப் பட்டையில் ஒரு சொட்டு வைத்தால் அரைமணியில் பாதி போய்விடும். ஒன்றரை மணியில் மிஞ்சுவது பெயின்ட் கடை வாசலில் வரும் டர்பன்டைன் நெடி.

இதை ஒதுக்கச் சொல்லவில்லை. உலர்ந்த, கூர்மையான, குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிற மாதிரியான தொடக்கத்தை இதைவிடச் சுத்தமாகத் தருவது வேறில்லை. 1955இல் இத்தாலியில் வந்த பீனோ சில்வெஸ்ட்ரே இந்த வாசத்தை நம்பியே செய்யப்பட்டது. பாட்டிலே பைன் காய் வடிவம். ஆனால் மேல் வாசத்துக்கு, அதாவது முதலில் எழும் வாசத்துக்கு, நூறு பங்குக் கலவையில் 3 முதல் 5 பங்கு வரைதான் இதற்கு இடம். 10 பங்கைத் தாண்டினால் பினாயில் வந்து நிற்கும்.

இன்னொரு சிக்கல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. பைனீன், கேரீன், லிமொனீன் மூன்றும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். தோலில் அரிப்பு, அலர்ஜி கிளப்புபவை இவைதான். இஃப்ரா என்ற சர்வதேச வாசனைப்பொருள் அமைப்பு, பைன் குடும்ப எண்ணெய்களின் பெராக்சைடு அளவு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. பாதி காலியான பாட்டிலை ஒரு வருடம் அலமாரியில் வைத்திருந்தால் அந்த எண்ணெயைச் சென்டில் சேர்க்காதீர்கள். வாங்கிய அன்றே சின்னச் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பிஎச்டி (BHT) அல்லது வைட்டமின் ஈ 0.1 சதவீதம் சேர்த்து, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சைபீரிய ஃபிர்

ஏபிஸ் சிபிரிக்கா. பைனுக்கு உறவான ஊசியிலை மரம். நான்கில் பெரும்பாலோருக்கு ஏற்றது இதுதான் என்பது எங்கள் முடிவு. காரணம் வேதியியலில் இருக்கிறது. இதன் எண்ணெயில் சுமார் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை போர்னைல் அசிடேட். பைனீனைவிடக் கனமான எஸ்டர், ஆகவே மெதுவாகப் பறக்கிறது. மணமும் வேறு: பைனின் நெடி இல்லை, மெல்லிய இனிப்பு, பிசினின் குளிர்ச்சி. பட்டையில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். போர்னியோக் கற்பூரத்தின் உயிரான போர்னியாலிலிருந்து வரும் எஸ்டர் என்பதால் அதில் கற்பூரச் சாயல் கொஞ்சம் உண்டு. நம் மூக்கு அதைக் கோயில் பக்கமாக எடுத்துக்கொள்ளுமே தவிர, பாத்ரூம் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு இது பெரிய சாதகம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பின்லாந்திலும் ஸ்வீடனிலும் ஃபிர் இயற்கையாக வளர்வதில்லை. அங்கே காடு என்றால் பைன், நார்வே ஸ்ப்ரூஸ், பிர்ச், கீழே ஜூனிபர் புதர், பெர்ரிச் செடிகள், பாசி, மரப்பாசி. "ஸ்காண்டிநேவியக் காடு" என்று பெயர் போட்டு வரும் சென்டுகளில் ஊசியிலைக்கு மூல வாசம் பல நேரம் சைபீரியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோதான் வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் சுத்தமான வடநாட்டு நிலப்பரப்பு வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், ஃபிர்ரோடு ஜூனிபர் காய் எண்ணெயைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஃபிர்ரின் இனிப்பை வெட்டி, காற்றோட்டத்தைக் கொண்டுவருவது ஜூனிபர்தான்.

கலப்படம் இங்கேதான் அதிகம். மலிவான ஐசோபோர்னைல் அசிடேட்டை ஊற்றி ஃபிர் எண்ணெய் என்று விற்பது எளிது. விற்பவரிடம் அந்தத் தொகுதிக்கான ஜிசி அறிக்கை (எண்ணெயில் எது எவ்வளவு என்று காட்டும் ஆய்வக அறிக்கை) கேளுங்கள். உண்மையான எண்ணெயில் போர்னைல் அசிடேட்தான் பெரிய எண்ணாக வரும், ஐசோபோர்னைல் பெயருக்குக்கூட இருக்காது. அறிக்கை கிடைக்காவிட்டால் மூக்கு இருக்கிறது: அசல் எண்ணெய் பட்டையில் முதல் பத்து நிமிடம் எலுமிச்சைக் கூர்மை, அப்புறம் ஊசியிலை, அப்புறம் மெல்லிய பிசின் என்று மூன்று முகம் காட்டும். கலப்படம் முதல் நிமிடத்திலிருந்து கடைசிவரை ஒரே தட்டையான முகத்தோடு நிற்கும்.

கனடாவின் கறுப்பு ஸ்ப்ரூஸ் எண்ணெயிலும் போர்னைல் அசிடேட் அதிகம். சைபீரிய ஃபிர் கிடைக்காத நேரத்தில் அதே பங்குக்கு இதை மாற்றிக்கொள்ளலாம், சென்ட் கொஞ்சம் இருண்டுபோகும், அவ்வளவுதான்.

பால்சம் ஃபிர் அப்சொலூட்

ஏபிஸ் பால்சாமியா, வட அமெரிக்க மரம். இதன் ஆவி எண்ணெய் வேறு, அப்சொலூட் (கரைப்பானால் பிரித்தெடுக்கும் செறிவான சாறு) வேறு, வாங்கும்போது குழம்பக்கூடாது. எண்ணெய் தெளிவாக, தண்ணீர் போல் ஓடும். அப்சொலூட் கரும்பச்சை நிறப் பசை. பாட்டிலைக் கவிழ்த்தால் வராது. 45 டிகிரி வெந்நீரில் பாட்டிலைப் பத்து நிமிடம் நிறுத்தி, மெல்லிய கண்ணாடிக் குச்சியால் எடுத்தால் பாகு பதத்தில் நூல் இழுத்துக்கொண்டு வரும். முகர்ந்தால் முதலில் ஊசியிலை இல்லை: ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சிய பாத்திரத்தின் வாசம். பத்து நிமிடம் கழித்து அதே குச்சியை முகர்ந்தால் ஜாமுக்குப் பின்னாலிருந்து மரப்பிசின் மேலே வரும். மறுநாள் காலையிலும் குச்சியில் வாசம் இருக்கும்.

பறந்துபோகும் ஊசியிலைக்கு நங்கூரம் இதுதான். ஆனால் தனியாக முதுகெலும்பாக வைத்தால் பழப்பாகாகிவிடும். 2009இல் வந்த செர்ஜ் லூட்டன்ஸின் ஃபீய் ஆன் எகுவீய் பைன் ஊசி, சாம்பிராணிப் புகை, பழ இனிப்பு மூன்றையும் ஒன்றாகப் பிடித்த சென்ட். அந்தத் திசை பிடிக்கும் என்றால் 6 முதல் 8 பங்குவரை தாராளமாகப் போகலாம். பச்சையாக, உலர்ந்ததாக வேண்டும் என்பவருக்கு 3 பங்கு போதும். விலை எண்ணெயைவிடப் பல மடங்கு என்பதால் 5 கிராமுக்கு மேல் முதல் தடவை வாங்காதீர்கள். வாங்கியதும் அரைக்கு அரை டிபிஜியில் (டைபுரோபிலீன் கிளைக்கால், வாசமில்லாத கரைப்பான்) கரைத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் சூடாக்க வேண்டியதில்லை.

ஊசியிலையே இல்லாத வழி

2006இல் லலீக் நிறுவனத்துக்காக நத்தலி லோர்சன் செய்த ஆங்க்ர் நுவார் இதற்குச் சரியான உதாரணம். சைப்ரஸ் (ஊசியாக இல்லாமல் செதில் போன்ற இலை கொண்ட மரம்), வெட்டிவேர், மரம். முகர்ந்தவர்கள் மழை பெய்து முடிந்த இருண்ட காடு என்கிறார்கள். ஃபிர் வேண்டியிருக்கவில்லை, ஈர வேரின் வாசமே காட்டுத் தரையாகிவிட்டது.

வெட்டிவேர் என்ற சொல்லே நம்மிடமிருந்துதான் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. வாசனைத் தொழிலில் இன்று ஹைட்டி எண்ணெய் சுத்தமாக, லேசான பம்பளிமாஸ் தோல் சாயலோடு இருக்கும். ஜாவா எண்ணெய் புகை ஏறியது. வட இந்தியாவில் செப்புப் பானையில் இறக்கும் ரூ கஸ் அடர்ந்த பச்சை, மண் கலந்தது, விலையும் அதிகம். வடகாட்டுக்கு ஹைட்டிதான் பொருத்தம். ரூ கஸ் மிக அழகு, ஆனால் அதை முகர்ந்ததும் நமக்குத் தண்ணீர்ப் பானையும் தட்டியும் நினைவுக்கு வரும், பனிக்காடு வராது.

இந்த வழியின் நன்மை: எட்டு மணி நேரம் நிற்கும், வெயிலுக்கு அசையாது, பினாயில் பயமே இல்லை. குறை: காடு இருக்கும், வடக்கு இருக்காது. குளிர் இருக்காது. எந்த நாட்டுக் காடு என்று சொல்லத் தெரியாத ஒரு காடு.

பச்சை எங்கிருந்து வருகிறது

ஊசியிலை எண்ணெய் தானாகப் பச்சையாக இருப்பதில்லை. கிளையை ஒடித்த கணத்தின் சாறு தனியாகச் சேர்க்க வேண்டும். மூன்று பொருள் போட்டியில் இருக்கின்றன.

சிஸ்-3-ஹெக்சனால் புல் வெட்டிய வாசம். சுத்தமாக 0.2 பங்குக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்தில் பறந்துவிடும். இதன் நீண்ட ஆயுள் உறவு சிஸ்-3-ஹெக்சனைல் சாலிசிலேட். மென்மையாக இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் பச்சையைப் பிடித்துவைக்கும். இரண்டையும் சேர்த்தே போடுங்கள், ஒன்று மட்டும் போட்டால் பயன் பாதிதான்.

கால்பனம் ஈரானில் வளரும் ஃபெருலா செடியின் பிசின். பெருங்காயமும் ஃபெருலாதான், அதே பேரினம். அந்த உறவு மூக்கில் தெரியும்: அளவு மீறினால் குடைமிளகாய், பச்சைப் பட்டாணித் தோல், அடியில் ஒரு காய வாடை. அளவாக இருந்தால் முறித்த தண்டின் கசப்பு. 10 சதவீதக் கரைசலாக்கி 2 பங்கு. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதைச் சுத்தமாக ஊற்றிப் பார்க்காதீர்கள். ஒரு துளி கூடிப்போனால் 10 கிராம் கலவை முழுதும் போய்விடும், எதைச் சேர்த்தும் திருத்த முடியாது.

வயலட் இலை அப்சொலூட் வெள்ளரிக்காய் ஈரம் தருவது. நீர்நிலைப் பக்கம் போகிற சென்டுக்கு நல்லது. ஊசியிலையோடு வைத்தால் பல நேரம் சாலட் ஆகிவிடுகிறது. விட்டுவிடலாம்.

மரமும் தரையும்

மரத்துக்கு மூன்று தேர்வு. வர்ஜீனியா சிடார், பெயர் சிடார் என்றாலும் ஜூனிபர் இனம், பென்சில் சீவல் வாசம், உலர்ந்தது, வடக்குத் தன்மைக்கு நெருக்கம். இமயமலைத் தேவதாரு எண்ணெய் இந்தியாவிலேயே மலிவாகக் கிடைக்கும். முதல் அரைமணி கரடான மருந்து நெடி, பிறகு இனிப்பான பிசின் மரம். ஃபிர்ரின் இனிப்போடு தேவதாருவின் இனிப்பும் சேரும்போது கலவை கனத்துவிடும் என்பதால், தேவதாருதான் கையில் இருக்கிறது என்றால் பால்சம் ஃபிர்ரைப் பாதியாகக் குறையுங்கள். மூன்றாவது ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள். இது மரம் என்பதைவிட மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. சேர்த்தால் கலவை மூச்சு விடும். சிலருடைய மூக்கு இதைச் சரியாகப் பிடிக்காது, "ஒன்றுமே இல்லையே" என்பார்கள். ஆகவே அளவை முடிவு செய்யும் முன் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

தரை என்றால் ஓக்மாஸ். பெயரில் பாசி இருந்தாலும் எவர்னியா ப்ருனாஸ்ட்ரி ஒரு மரப்பாசி, அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் அதே பார்மீலியேசி குடும்பம். ஒரு கல்பாசித் துண்டை வெந்நீரில் நனைத்து விரலில் கசக்கி முகர்ந்தால் ஓக்மாஸ் எந்தப் பக்கத்து வாசம் என்பது உடனே புரியும்: ஈரப் பட்டை, மண், லேசான உப்பு. 1978இல் ராஃப் லாரனுக்காகக் கார்லோஸ் பெனயிம் செய்த பச்சைப் பாட்டில் போலோவின் பலம், பைனோடும் பதனிட்ட தோல் வாசத்தோடும் புகையிலையோடும் இந்த ஓக்மாஸ் அடியில் நின்றதுதான்.

இன்று அப்படிச் செய்ய முடியாது. ஓக்மாஸில் உள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் இரண்டும் கடுமையான தோல் அலர்ஜி தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் விதி போட்டு, 2019 ஆகஸ்டிலிருந்து புதிய பொருள்களிலும் 2021 ஆகஸ்டிலிருந்து கடையில் உள்ள எல்லாவற்றிலும் இவற்றைத் தடை செய்தது. இஃப்ரா வரம்பின்படி ஓக்மாஸ் சாறு முடிந்த சென்டில் 0.1 சதவீதம்தான், அதுவும் அந்த இரண்டும் நீக்கப்பட்ட சாறு. ஆகவே எவர்னில் என்ற வெள்ளைப் பொடிதான் நடைமுறை வழி. ஓக்மாஸின் எலும்பு அதில் இருக்கிறது, சதை இல்லை. சதைக்குப் பச்சோலி இலை எண்ணெய் 3 பங்கும் வெட்டிவேரும் வேண்டும்.

கல்பாசியையே சாராயத்தில் ஊறவைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கல்பாசியில் அட்ரனோரின் இருக்கிறது, அது சிதைந்து வருவதுதான் அட்ரனால். குழம்பில் போடுவது வேறு, கழுத்தில் பூசி வெயிலில் நிற்பது வேறு. வேண்டாம்.

புகை விரும்புபவர்களுக்குப் பிர்ச் தார். பட்டையைக் காற்றில்லாமல் சுட்டு எடுப்பது, ரஷ்யாவில் பதனிட்ட தோலின் வாசம். சுத்திகரித்தது மட்டுமே தோலுக்கு ஆகும், கச்சாத் தாரில் புற்றுநோய் அபாயமுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டு. 1 சதவீதக் கரைசலாக 2 பங்கு போதும். காட்டில் எங்கோ தூரத்தில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்கிற அளவு.

ஃபிர் வழிக்கான கலவை

மொத்தம் 100 பங்கு. 10 கிராம் செய்வதானால் ஒரு பங்கு 0.1 கிராம். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சொட்டு எண்ணி ஊற்றுவது இங்கே உதவாது, அப்சொலூட் சொட்டும் ஃபிர் சொட்டும் ஒரே எடை இல்லை.

சைபீரிய ஃபிர் எண்ணெய் – 16
பால்சம் ஃபிர் அப்சொலூட், 50 சதவீதக் கரைசல் – 6
ஜூனிபர் காய் எண்ணெய் – 4
பெர்கமாட் (எலுமிச்சைக் குடும்பப் பழத்தோல் எண்ணெய்), பெர்காப்டன் நீக்கியது – 8
சிஸ்-3-ஹெக்சனால், 10 சதவீதக் கரைசல் – 2
கால்பனம், 10 சதவீதக் கரைசல் – 2
சிஸ்-3-ஹெக்சனைல் சாலிசிலேட் – 4
ஹெடியோன் (மல்லிகைச் சாயல் செயற்கைப் பொருள்) – 10
வர்ஜீனியா சிடார் – 12
ஐசோ ஈ சூப்பர் – 18
ஹைட்டி வெட்டிவேர் – 6
பச்சோலி – 3
எவர்னில் – 2
ஆம்ப்ராக்சன் (ஆம்பர்கிரிஸ் சாயல் பொருள்), 10 சதவீதக் கரைசல் – 5
பிர்ச் தார், 1 சதவீதக் கரைசல் – 2

பெர்கமாட்டில் "பெர்காப்டன் நீக்கியது" என்பதை விட்டுவிடாதீர்கள். சாதாரண பெர்கமாட் எண்ணெய் தோலில் தங்கும் பொருளில் 0.4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தக் கலவையை 15 சதவீத சென்டாக்கினால் அது 1.2 சதவீதம் ஆகிறது. வெயில் பட்டால் அதிலுள்ள பெர்காப்டனால் தோல் கறுத்துக் கொப்பளிக்கும்.

பைன் வழி வேண்டுமானால் ஃபிர்ரை 11 ஆக்கி, ஸ்காட்ஸ் பைன் 5 சேருங்கள். மற்றது அப்படியே. ஊசியிலை இல்லாத வழிக்கு முதல் இரண்டு வரியின் 22 பங்கை எடுத்துவிட்டு, சைப்ரஸ் 10, வெட்டிவேர் கூடுதலாக 10, பச்சோலி கூடுதலாக 2.

சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் எவர்னில். பொடியை ஐசோ ஈ சூப்பரிலும் ஹெடியோனிலும் போட்டு, 50 டிகிரி வெந்நீரில் பாட்டிலை நிறுத்தித் தெளியும்வரை ஆட்டுங்கள். கடைசியில் போட்டால் கரையாமல் அடியில் மணல் போலத் தங்கும், கரைக்கச் சூடாக்கினால் ஹெக்சனாலும் ஃபிர்ரும் பறக்கும். அடுத்து வெட்டிவேர், பச்சோலி, சிடார், அப்சொலூட். பறக்கும் பொருள்கள் எல்லாம் கடைசியில், பாட்டில் ஆறிய பிறகு.

கலவையை மூடி ஒரு வாரம் இருட்டில் வையுங்கள். பிறகு 10 கிராம் கலவைக்கு 56.7 கிராம் எத்தனால், 15 சதவீத சென்ட் கிடைக்கும். எத்தனால் 95 சதவீதத்துக்குக் குறையாமல், வாசனைத் தொழிலுக்கென்றே விற்கும் தரம் வேண்டும். மெத்தனால் கலந்த தொழிற்சாலைச் சாராயம் தோலுக்கு ஆகாது. வாங்கவும் இருப்பு வைக்கவும் கலால் விதிகள் உண்டு, விற்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சாராயம் சேர்த்து மூன்று வாரம் விட்டு, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, குளிர்ந்தபடியே காபி வடிதாளில் வடிகட்டுங்கள். அப்சொலூட்டின் மெழுகு அங்கே தங்கிவிடும். அறைச்சூட்டில் வடிகட்டினால் மெழுகு கரைந்தபடி தாண்டிப் போய், மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் பஞ்சு போல் மிதக்கும்.

என்ன கெடும், ஏன்

பால் போல் கலங்கினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். டெர்பீன் எண்ணெய்கள் தண்ணீரில் கரையாமல் நுண்துளிகளாகச் சிதறி நிற்கும். பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் வெளுப்பதும் துளிகள் இப்படிச் சிதறுவதால்தான். மற்ற சென்டுகளில் 5 சதவீதம் தண்ணீர் சேர்ப்பவர் உண்டு, இதில் ஒரு துளியும் வேண்டாம். கலங்கியதைத் தெளிய வைக்கத் தூய எத்தனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம், சென்ட் அந்த அளவுக்கு நீர்த்துப் போகும்.

முதல் மணியில் நன்றாக இருந்து, இரண்டாவது மணியில் பென்சில் மட்டும் மிஞ்சினால் நடு வாசம் காலி. பலர் இன்னும் கொஞ்சம் ஃபிர் ஊற்றுகிறார்கள். அது தொடக்கத்தைத்தான் கூர்மையாக்கும், பினாயில் திரும்பி வரும். கூட்ட வேண்டியது ஹெக்சனைல் சாலிசிலேட்டும் அப்சொலூட்டும், குறைக்க வேண்டியது சிடார்.

மூக்கடைப்புக்குத் தடவும் தைலம் போல் இருந்தால் கற்பூரச் சாயல் கூடிவிட்டது. ஃபிர்ரைப் 12க்குக் குறைத்து அந்த 4 பங்கை ஹெடியோனுக்குக் கொடுங்கள். ஹெடியோன் மல்லிகைப் பக்கத்துப் பொருள்தான், ஆனால் இங்கே பூவாகத் தெரியாது, ஊசியிலைக்குள் வெளிச்சம் விடும்.

சோதனையைக் காகிதப் பட்டையோடு முடிக்காதீர்கள். பட்டையில் 5 நிமிடம், 1 மணி, 4 மணி, 24 மணி என்று நான்கு குறிப்பு எழுதுங்கள். அப்புறம் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு, 24 மணி நேரம். சிவந்தாலோ அரித்தாலோ அந்தத் தொகுதி வேண்டாம். மூன்றாவது சோதனைதான் நம் ஊருக்கு அவசியம்: மதியம் வெளியே போய்வந்த வியர்வைத் தோலில். வெப்பத்தில் மேல் வாசம் பாதி நேரத்தில் ஓடிவிடும், பச்சோலியும் தாரும் இரட்டிப்பாகத் தெரியும். ஸ்டாக்ஹோம் குளிரில் ஒரு நூல் புகையாக இருக்கும் பிர்ச் தார், மே மாதச் சென்னையில் எரிந்த ரப்பர்.

ஆகவே யார், எங்கே போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டே வழியைத் தேர்ந்தெடுங்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் நாள் முழுதும் இருப்பவருக்கு மேலே உள்ள ஃபிர் கலவை அப்படியே பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊருக்கோ, டொரான்டோ, ஆஸ்லோவில் இருக்கும் உறவுக்கோ அனுப்புவதானால் அப்சொலூட் கரைசலை 8 ஆக்கலாம், தார்க் கரைசலை 3 ஆக்கலாம். குளிரில் இனிப்பும் புகையும் அடங்கி நிற்கும். வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கு ஊசியிலை இல்லாத வழி, தார் இல்லாமல், 10 சதவீத சென்டாக. சோப்பு செய்பவர்கள் ஃபிர்ரையே எடுக்கலாம், போர்னைல் அசிடேட் காரத்தைத் தாங்கும். அப்சொலூட்டைச் சோப்பில் போடாதீர்கள், விலையும் வீண், நிறமும் பழுப்பாகிவிடும். பைன் அதிகமுள்ள வழி, குளித்து முடித்ததும் தெளித்துக்கொள்ளும் 3 சதவீதக் கொலோனுக்குத்தான் சரி. அங்கே அரைமணி நேரமே நின்றால் போதும்.

எதைச் செய்தாலும் பாட்டிலின் மேல் செய்த தேதியும் ஃபிர் எண்ணெயின் தொகுதி எண்ணும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை அதே வாசம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். ஒவ்வொரு வருட அறுவடையிலும் போர்னைல் அசிடேட்டின் அளவு மாறுகிறது.